ஹெலிகொப்டரின் குணத்தை அளப்பது எப்படி? கேள்வி பதில்

ஐயா, வேகம், ஏறும் வீதம் எல்லாம் கருவிகளில் பதிவாகிறதே. பிறகு ஏன் சோதனை விமானியின் அபிப்பிராயம்? (மாணவர், கோண்டாவில்)

தம்பி, இரண்டு ஹெலிகொப்டர்கள் ஒரே புள்ளிக்கு மேல் அசையாமல் நிற்கின்றன. ஒன்றில் விமானி நிம்மதியாக இருக்கிறார். மற்றதில் கையும் காலும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. நின்ற இடத்தை மட்டும் அளந்தால் இரண்டும் சமம்தான். ஆனால் இரண்டாவது விமானிக்கு இரவிலும் காற்றிலும் வேறு எதையும் கவனிக்கத் தெம்பு மிஞ்சாது. இந்த உழைப்பைத்தான் அளக்க வேண்டும்.

அதற்கு எப்படிப் புள்ளி போடுவது? (தங்கை, சாவகச்சேரி)

1969இல் அமெரிக்கச் சோதனை விமானிகளான கூப்பரும் ஹார்ப்பரும் வெளியிட்ட அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1 மிக நல்லது, 10 மிக மோசம். விமானி நேரே இலக்கத்துக்குப் போகக் கூடாது. கட்டுப்படுத்த முடிகிறதா, தாங்கக்கூடிய உழைப்பில் தேவையான துல்லியம் கிடைக்கிறதா, திருத்தம் இல்லாமலே திருப்தியா என்று படிப்படியாகக் கேட்டுத்தான் இலக்கத்துக்கு வர வேண்டும்.

வேலையையும் முன்பே வரையறுத்துவிடுவார்கள். ஹெலிகொப்டரைக் கையாள்வது எவ்வளவு எளிது என்று மதிப்பிட அமெரிக்க இராணுவம் எழுதிய ஏடிஎஸ்-33 தரத்தில், நல்ல வெளிச்சத்தில் 30 செக்கன் அந்தரத்தில் நிற்கும்போது பக்கவாட்டில் 3 அடிக்கு மேல் விலகாவிட்டால் மிக நன்று. 6 அடிவரை ஏற்கலாம். எனக்குப் பிடித்த சோதனை 100 அடி ஆரமுள்ள வட்டத்தில் பக்கவாட்டாகச் சுற்றுவது. மூக்கு எப்போதும் நடுவையே பார்க்க வேண்டும். காற்று ஒவ்வொரு கணமும் வேறு பக்கத்திலிருந்து அடிப்பதால், எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள முடியாது.

எங்கள் யாழ்ப்பாண வெயில் முடிவை மாற்றுமா? (பலாலி வாசகர்)

நிச்சயமாக. கடல் மட்டத்தில் நியம வெப்பநிலை 15 பாகை. இங்கே மதியம் 33 பாகை என்றால், தரையிலேயே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருப்பதைப் போலாகிவிடும். அதே பாரத்தைத் தூக்கக் கூடுதல் வலு வேண்டும். திடீரென்று மேலே இழுக்க மிச்சமிருக்கும் வலுவும் குறையும். வெப்பநிலை எழுதாத சோதனை அறிக்கையை நான் மதிக்க மாட்டேன். உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி இன்னொரு சோதனை. இறங்கும்போது புழுதி கிளம்பினால் தரையே தெரியாது. கண்ணால் நகர்வை உணர முடியாதபோது, உயரத்தையும் சாய்வையும் தானே பிடித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறை தேவைப்படும்.

சிமியுலேட்டர் போதாதா?

தயாராவதற்கு நல்லது. இறுதித் தீர்ப்புக்குப் போதாது.

ஒரு விமானி தாராளமாகப் புள்ளி போட்டுவிட்டால்?

சரியான கேள்வி. அதனால்தான் ஏடிஎஸ்-33 குறைந்தது மூன்று விமானிகளைக் கேட்கிறது. அப்புறம், இலக்கத்தை விட அவர்கள் எழுதும் குறிப்பு முக்கியம். "5" என்று மட்டும் எழுதினால் பொறியியலாளருக்கு எதைத் திருத்துவதென்று தெரியாது. "வலது பக்கம் நகரும்போது மூக்கு விலகுகிறது, பெடலை விடாமல் மிதிக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதினால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.