எட்டுப் பேருக்கு ஆறு பாட்டில்: ஒயின் விருந்து பற்றி வாசகர் கேள்விகள்

ஆளுக்கொரு பாட்டில் கையோடு கொண்டுபோய், ரெஸ்டாரன்டில் சாப்பாட்டோடு திறந்து ருசி பார்க்கும் 'பி.ஒய்.ஓ.' வழக்கம் மெல்பர்னில் ஊறிப்போன ஒன்று. ஒயின் பிரியர்கள் சேர்ந்து நடத்தும் இப்படிப்பட்ட விருந்துகள் பற்றி ஆஸ்திரேலியத் தமிழ் வாசகர்கள் கேட்டவை இங்கே.

நாங்கள் நான்கு தம்பதிகள். போன மாதம் "பிடித்ததைக் கொண்டுவாருங்கள்" என்று சொன்னோம். பத்து பாட்டில் சேர்ந்துவிட்டது. ஐந்தாவதைத் தாண்டியபின் எது எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. எங்கே பிசகினோம்?
(வாசகி, கிளென் வேவர்லி)

இரண்டு இடத்தில். முதலாவது எண்ணிக்கை. எட்டுப் பேருக்கு ஆறு பாட்டில் தாராளம். ருசி பார்க்க ஒருவருக்கு 50 மி.லி. ஊற்றினால், 750 மி.லி. பாட்டிலில் எட்டுப் பேருக்கு 400 போகும். மீதி 350 பாட்டிலிலேயே நிற்கும். சாப்பிடும்போது பிடித்ததை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வாய்தான் பல சமயம் தீர்ப்பை மாற்றும் என்பதால் அதற்கு மிச்சம் வைப்பது முக்கியம். 13.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினில் 50 மி.லி. வீதம் ஆறு முறை குடித்தால், ஆஸ்திரேலியக் கணக்கில் மூன்று 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'குக்கு (ஒன்று என்றால் 10 கிராம் ஆல்கஹால்) கொஞ்சம் மேல். பத்து பாட்டில் என்றால் ஐந்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு யார் என்ன குறிப்பு எழுதினாலும் அதை நம்ப வேண்டாம்.

ஆகவே தம்பதிக்கு ஒரு பாட்டில், மொத்தம் நான்கு. ஐந்தாவது, வந்தவுடன் கையில் கொடுக்க ஒரு ஸ்பார்க்ளிங், அதாவது நுரைக்கும் ஒயின். ஆறாவது, கடைசியில் இனிப்புக்கு: ரதர்க்ளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயின், 375 மி.லி. பாட்டில் ஒன்று போதும். பாகுபோலக் கனமானது, ஆல்கஹாலும் கூடுதல், ஆளுக்கு 30 மி.லி.க்கு மேல் ஓடாது. இந்த இரண்டையும் அழைப்பவர் வாங்கிவிட்டுச் செலவை எட்டாகப் பிரித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது பிசகு, "பிடித்ததைக் கொண்டுவாருங்கள்" என்ற அந்த வார்த்தை. பத்தும் பத்துத் திசையில் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? திராட்சை ஒன்று, ஊர் நான்கு என்று வையுங்கள். முதல் விருந்துக்கு நாம் சிபாரிசு செய்வது ஷிராஸ், அதிலும் மிளகைத் தேடுகிற ஷிராஸ். சில ஷிராஸில் வரும் மிளகு மணம் கற்பனை இல்லை. ரொட்டன்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் அந்த ஒயினிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கிலேயே ஏறவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. உங்கள் எட்டுப் பேரிலும் ஒருவர் "மிளகா? எங்கே?" என்று விழிக்கலாம். அவரை ஞானசூனியமாக்கிவிடாதீர்கள்.

குளிர்ந்த ஊரில் விளைந்ததில் மிளகு தூக்கலாகவும், வெயில் ஊரில் விளைந்ததில் பழப்பாகு தூக்கலாகவும் இருக்கும். அதனால் விக்டோரியாவின் கிராம்பியன்ஸ், கான்பரா, வெயில் ஊரான பரோசா, பிரான்சின் வடக்கு ரோன் (அங்குள்ள க்ரோஸ்-எர்மிடாஜ் வட்டார ஒயின் போதும்) என்று ஒரு வீட்டுக்கு ஓர் ஊரைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். விலைக்கும் எல்லை வேண்டும். "30 முதல் 45 டாலருக்குள்" என்று மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 15 டாலர் பாட்டிலோடும் இன்னொருவர் 120 டாலர் பாட்டிலோடும் வந்து நிற்பார்கள். இருவருக்கும் சங்கடம்.

ரெஸ்டாரன்டில் முன்கூட்டி என்னென்ன கேட்க வேண்டும்?
(வாசகர், டான்டினாங்)

கார்க்கேஜ், அதாவது நாம் கொண்டுபோகும் பாட்டிலைத் திறக்க ரெஸ்டாரன்ட் வாங்கும் கட்டணம், பாட்டிலுக்கா, தலைக்கா என்பது முதல் கேள்வி. எட்டுப் பேர், ஆறு பாட்டில் என்று சொல்லியே கேளுங்கள். எல்லாக் கிழமையும் உண்டா? சில இடங்களில் வெள்ளி, சனி இரவு கிடையாது. பனிக்கட்டி வாளி தருவார்களா? உணவை மொத்தமாக இறக்காமல் இருபது நிமிட இடைவெளியில் அனுப்ப முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர், கறி, சோறு மூன்றும் ஒன்றாக வந்து இறங்கினால் பாட்டில் வைக்க மேசையில் இடமிருக்காது.

கிளாஸை நீங்களே கொண்டுபோவது நல்லது. ஆளுக்கு நான்கு என்றாலே 32 கிளாஸ், எந்த ரெஸ்டாரன்டும் முகம் சுளிக்கும். 215 மி.லி. கொள்ளும் ஐ.எஸ்.ஓ. ருசிப்பு கிளாஸ் மலிவு; அட்டைப்பெட்டியோடு காரில் அடுக்கலாம். முதல் நாள் வெந்நீரில் மட்டும் அலசித் துடையுங்கள். சோப்பு வாடையும் அலமாரி வாடையும் கிளாஸில் தங்கினால் எல்லா ஒயினும் ஒரே ஒயின்தான். விருந்தாளிகளிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: அன்றைக்கு மட்டும் சென்ட்டும் தலையில் மல்லிகைச்சரமும் வேண்டாம்.

லேபிளை மறைத்து ருசி பார்க்க ஆசை. பேப்பரில் சுற்றினோம், ஆனாலும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி?
(வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி)

கழுத்தைப் பார்த்துத்தான். மூடியின் நிறம், கழுத்தில் உள்ள சின்ன முத்திரை, தோள் சரிந்த பாட்டிலா நிமிர்ந்த பாட்டிலா, எல்லாமே காட்டிக்கொடுக்கும். சரியான முறை இது. விருந்துக்கு அரைமணி முன்பு ஒருவர் எல்லாப் பாட்டிலையும் திறந்து, திருகுமூடி, கார்க், கழுத்துத் தகடு எல்லாவற்றையும் பையில் போட்டு ஒளித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதப் பையில் இறக்கி, கழுத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட வேண்டும். வாய் மட்டும் தெரிந்தால் போதும். அதன்பின் அவர் அறையை விட்டு வெளியேற, இன்னொருவர் வந்து பைகளை இடம் மாற்றி 1, 2, 3, 4 என்று எண் எழுதுவார். திறந்தவருக்கு எண் தெரியாது, எண் போட்டவருக்கு ஒயின் தெரியாது. இருவருமே விளையாட்டில் சேரலாம். தோள் சரிவு உறுத்தினால், கழுவிக் காயவைத்த ஒரே மாதிரிப் பாட்டில்களுக்கு மாற்றிவிடுங்கள்.

நான்கையும் ஒரே நேரத்தில் ஊற்றி வரிசையாக வையுங்கள். ஒன்றைக் குடித்து முடித்துவிட்டு அடுத்தது என்று போனால் முந்தையது மறந்துபோகும். முதலில் வாய் திறக்காமல் மூக்கால் மட்டும் நான்கையும் ஒரு சுற்று, பிறகு நாக்கால். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒருவர் "செர்ரி" என்று சொல்லிவிட்டால் மீதி ஏழு பேருக்கும் செர்ரி மணக்கும். 2001-இல் பிரான்சில் ஒரு சோதனை நடந்தது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கண்ணும் காதும் மூக்கை அவ்வளவு எளிதாக ஏமாற்றும். எழுதி முடித்தபின் பேசுங்கள், கடைசியில் பையைக் கழற்றுங்கள்.

மாமனார் வைத்திருந்த 1998 குனவாரா கேபர்னே சிவப்பு ஒயின் ஒன்று இருக்கிறது. விருந்துக்குக் கொண்டுபோகலாமா? போன முறை இப்படி ஒரு பழைய பாட்டிலைத் திறக்கும்போது கார்க் உதிர்ந்து உள்ளே விழுந்துவிட்டது.
(வாசகர், மெல்பர்ன்)

தாராளமாக. ஆனால் போட்டி வரிசையில் வைக்காதீர்கள்; தனியாக, சாப்பாட்டுக்கு முன் திறக்கவும். பக்கத்தில் இளமையான முரட்டு ஷிராஸ் நின்றால் பழையது நோயாளி மாதிரித் தெரியும்.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், 24 மணி நேரமாவது. அடியில் கசடு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். காரில் மடியில் பிடித்துக்கொண்டு போங்கள், டிக்கியில் உருளவிட்டால் நிமிர்த்தி வைத்ததெல்லாம் வீண்.

இருபது வருடத்துக்கு மேற்பட்ட கார்க்கில் சாதாரண திருகாணி இறங்கினால் நடுவில் துளைபோட்டு மாவாக்கிவிடும். இதற்கென்றே 'ஆ-சோ' என்று ஒரு திறப்பான் இருக்கிறது. இரண்டு மெல்லிய தகடு, ஒன்று கொஞ்சம் நீளம். நீளமானதைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே முதலில் நுழைக்கவும். அடுத்ததை எதிர்ப்பக்கம் நுழைத்து, கைப்பிடியை இப்படியும் அப்படியுமாக ஆட்டி ஆட்டிக் கீழே இறக்கவும். நேராக அழுத்தினால் கார்க் உள்ளே போய்விடும். முழுக்க இறங்கியபின் திருகிக்கொண்டே மேலே இழுக்கவும், அவசரமே கூடாது. அப்படியும் உடைந்தால் பதற வேண்டியதில்லை. மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு, வெந்நீரில் அலசிய மெல்லிய மஸ்லின் துணி வழியே ஜாடிக்கு வடியுங்கள். கார்க் துகளால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது.

வடிக்கும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஊற்றுங்கள். கழுத்தில் புகைபோலக் கசடு தெரிந்ததும் நிறுத்துங்கள். அரை கிளாஸ் அடியில் போகும், போகட்டும். இளம் சிவப்பு ஒயினைப்போல இதை இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் இருக்கிற கொஞ்சம் மணமும் பறந்துவிடும். வடித்த கால்மணியில் ஊற்றிவிடவும். செத்துப்போயிருக்கவும் வாய்ப்புண்டு, ஆகவே மாற்றுப் பாட்டில் ஒன்று கூடவே இருக்கட்டும்.

கார்க்கின் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி பளபளக்கிறது. கொட்டிவிடலாமா?
(வாசகி, பிரிஸ்பேன்)

வேண்டாம். அது டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உறைந்த உப்பு. வாயில் நறநறக்கும், கெடுதல் இல்லை.

நம் சாப்பாட்டோடு ஒயின் சேரவே சேராது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?
(வாசகர், டான்டினாங்)

பாதி உண்மை. எது சண்டை போடுகிறது என்று தெரிந்துகொண்டால் மீதிப் பாதியைச் சரிசெய்யலாம். காரம்தான் பெரிய எதிரி. மிளகாய் எரிச்சல் ஆல்கஹாலின் எரிச்சலை ஏற்றிவிடும், 15 சதவீத ஒயின் தொண்டையில் தீயாக இறங்கும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் அங்கே முரடாகும். துவர்ப்பு என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை: கொட்டைப்பாக்கை மென்றதும் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதேதான். கொழுப்பும் உப்பும் அதைத் தணிக்கும். எனவே மிளகாயைக் குறைத்து மிளகை ஏற்றிய மட்டன் சுக்கா நம் ஷிராஸ் வரிசைக்குக் கச்சிதம்.

மீன் குழம்புக்குச் சிவப்பு ஒயின் கூடாது. சிவப்பு ஒயின்களில் இரும்புச் சத்து தூக்கலாக இருந்தால் மீனோடு சேரும்போது கவிச்சு வாடை கிளம்பும். புளிக் குழம்பு வகைக்கு ஈடன் வேலி அல்லது கிளேர் வேலி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள். புளியில் இருப்பதும் திராட்சையில் இருப்பதும் ஒரே டார்டாரிக் அமிலம்தான், மேலே சொன்ன பளபளப்பும் அதன் வேலையே. குழம்பைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால் ஒயின் தண்ணீர்போலச் சப்பென்றாகிவிடும். காரமும் சேர்ந்திருந்தால் லேசாக இனிக்கும் ரீஸ்லிங் இன்னும் நல்லது. நடுநடுவே நாக்கைத் துடைக்க இடியாப்பமோ வெறும் சோறோ போதும். ஊறுகாய் மட்டும் கடைசிப் பாட்டில் காலியாகும்வரை மேசைக்கு வரவே கூடாது.

டிசம்பரில் வைக்கிறோம். சிவப்பு ஒயினைக் குளிர வைப்பது தவறில்லையா?
(வாசகர், அடிலெய்ட்)

குளிர வைக்காததுதான் தவறு. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி. உங்கள் வீட்டுக் கூடம் அன்று 28 இருக்கும். பரிமாறும் முன் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 12, ஸ்பார்க்ளிங்குக்கு 6 முதல் 8. வாளியில் வெறும் பனிக்கட்டியைக் கொட்டாமல் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஊற்றினால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெயிலில் நின்ற காரில் பாட்டிலை விட்டுவிட்டு வராதீர்கள். கார்க் மேலே எழும்பியிருந்தால் ஒயின் வெந்துவிட்டது என்று பொருள்.

நண்பர் ஆசையாகக் கொண்டுவந்த பாட்டில் கெட்டிருந்தால் எப்படிச் சொல்வது?
(வாசகி, மெல்பர்ன்)

எது கெட்டது என்று பெயர் சொல்லுங்கள், பழி கார்க்குக்குப் போகும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் டி.சி.ஏ. என்ற கார்க் பழுது. வாங்கியவர் பொறுப்பல்ல, கடையில் கேட்டால் மாற்றித் தருபவர்களும் உண்டு. கிளேர் வேலி ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000-இல் கூட்டாகத் திருகுமூடிக்கு மாறியதே இந்தத் தொல்லையால்தான். நகப்பூச்சு அழிக்கும் திரவ நெடி என்றால் வினிகராகும் வழியில் இருக்கிறது. எப்படியும் திறந்தவுடன் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டால் மேசையில் சங்கடமே வராது.

ருசி பார்த்த ஒயினை விழுங்காமல் துப்புவது அநாகரிகமாகத் தெரியாதா? வண்டி வேறு ஓட்ட வேண்டும்.
(வாசகர், கிளென் வேவர்லி)

ஒயின் தயாரிப்பவர்களே ருசி பார்க்கும்போது துப்புகிறார்கள். ஆளுக்கொரு மூடியுள்ள காகிதக் காபிக் கப் கொடுத்துவிடுங்கள், பார்க்கவும் அசிங்கமில்லை. விக்டோரியாவில் முழு லைசென்ஸ்காரருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே, எல், பி பிளேட்காரருக்கு பூஜ்யம். ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் கரைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், காபியும் குளிர்ந்த தண்ணீரும் அதை வேகப்படுத்தாது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே ஓட்டுபவர் யார் என்று விருந்துக்கு முன்பே முடிவாகட்டும், அவருக்குப் பிடித்த பாட்டிலில் மீந்ததைக் கார்க் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும்.