வெளிநாட்டு உதவிப் பணத்தால் ஏழை நாடுகளுக்குப் பலன் உண்டா?

பணக்கார நாடுகள் இத்தனை வருடமாகக் கொடுத்த பணம் உருப்படியாக ஏதாவது செய்ததா, இப்போது நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்திருக்கிறது, ஆனால் எல்லாப் பணமும் இல்லை. உதவி என்று எழுதப்படும் தொகையில் ஒரு பங்கு கொடுத்தவர் கைக்கே திரும்பிவிடுகிறது.

1954இல் தொடங்கிய அமெரிக்க உணவு உதவித் திட்டத்தையே பாருங்கள். தானியம் அமெரிக்க வயல்களில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில் போக வேண்டும். பஞ்சம் வந்த ஊருக்கு அடுத்த மாவட்டத்திலேயே தானியம் மலிவாகக் கிடைத்தாலும் மூட்டைகள் கடல் தாண்டித்தான் வரும். வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் அங்கே அறுவடை முடிந்திருந்தால் உள்ளூர் விவசாயியின் விலையும் விழும். கப்பல் கம்பெனிக்கு மட்டும் எப்படியும் நஷ்டமில்லை! ஐரோப்பாவிலும் இப்படி ஒன்று உண்டு: தங்கள் நாட்டுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவையும் வெளிநாட்டு உதவிக் கணக்கில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது.

சரி, பலித்தது எது? பெரியம்மை. 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளியைக் கண்டார்கள், 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அப்புறம், 2003இல் அமெரிக்க அதிபர் புஷ் ஏழை நாடுகளுக்காகத் தொடங்கிய எச்.ஐ.வி. திட்டம். இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசே சொல்கிறது. மாத்திரை கிடைத்ததா, நோயாளி பிழைத்தாரா என்று எண்ணிப் பார்க்க முடிகிற வேலை இது. "நல்லாட்சியை வளர்க்கிறோம்" என்று நடத்தும் கருத்தரங்குகளில் அப்படி எதை எண்ணுவது?

2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவி நிதியை 90 நாள் நிறுத்திவைத்தபோது இந்த வேறுபாட்டையே பார்க்கவில்லை. உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொன்னாலும், அதற்குள் பல இடங்களில் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் பூட்டிக் கிடந்தன. இந்த மாத்திரையை இடையிடையே நிறுத்திச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பணியாமல் போகும். வெட்டத்தான் வேண்டும் என்றால் கப்பல் விதியில் கை வைத்திருக்கலாம்.

பிரிட்டனும் குறைக்கிறது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்பது 1970இல் ஐ.நா. வைத்த இலக்கு, அதை எட்டியிருந்த பிரிட்டன் 2021இல் 0.5க்கு இறங்கியது, 2027இல் 0.3க்குப் போகப்போவதாக அறிவித்திருக்கிறது. இந்தப் பணம் சீக்கிரம் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. இனி ஏழை நாடுகள் தங்கள் பணத்தைத்தான் நம்ப வேண்டும். அந்த வகையில் நைஜீரிய நாடாளுமன்றம் 2025 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது நல்ல தொடக்கம். பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குத் தருவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி உறுதி சொன்னது 2001இல். பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை.