நவோதயா பள்ளியில் கணித ஆசிரியர் பாடம் நடத்தினால் மட்டும் போதுமா?

போதாது. ஜவஹர் நவோதயா வித்யாலயா, மத்திய அரசு நடத்தும், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள உறைவிடப் பள்ளி. ஆசிரியரும் வளாகத்திலேயே தங்க வேண்டும்.

பகல் வகுப்பு மற்ற சிபிஎஸ்இ பள்ளிகளைப் போலத்தான். வேறுபாடு மாலையில் தொடங்குகிறது. மேற்பார்வைப் படிப்பு நேரத்தை இன்னொரு வகுப்பாக்கிவிடுவதுதான் புதிதாகச் சேர்பவர்கள் செய்யும் பெரிய தவறு. காலையிலிருந்து கேட்டுக் களைத்த பிள்ளைகளுக்கு, தாங்களாகவே கணக்கைப் போட்டுப் பார்க்க அந்த நேரம் ஒன்றுதான் உண்டு. சாக்பீஸைத் தொடாமல் வரிசைக்குள் நடங்கள். விடை சரியாக இருந்து, நடுவில் இரண்டு படிகளைக் காணோம் என்றால் பெரும்பாலும் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கும். திட்ட வேண்டாம்; எண்களை மட்டும் மாற்றி அதே கணக்கைக் கொடுங்கள், எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

விடுதியில் ஒரு பிரிவுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மாஸ்டர் பொறுப்பும் வரும். இரவு வருகைப் பதிவில் தலையை மட்டும் எண்ணாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை காய்ச்சலைச் சொல்லாமல் போர்த்திப் படுத்துவிடும். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சாப்பிட்டதா என்று கேளுங்கள். உடம்பு சுட்டால் விடியும்வரை காத்திராமல் செவிலியரிடம் கூட்டிப் போங்கள். புதுச்சேரி, காரைக்கால் போன்ற இடங்களில், ஒன்பதாம் வகுப்பில் இந்தி பேசும் மாநிலத்து நவோதயா பள்ளியிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் வரும் பிள்ளைகளை இன்னும் கவனியுங்கள். வீட்டு நினைப்பைச் சொல்லி அழக்கூட அவர்களுக்கு அங்கே மொழி இருக்காது.