துக்கத்தில் இருக்கும்போது கடவுளுக்கு நன்றி சொல்லிப் பாடுவது பொய்யாகாதா?

வீட்டில் சாவு விழுந்து ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் உறவுக்காரர்கள் 'சாமி பாட்டுப் பாடு, நல்ல சாவு கொடுத்தாரேன்னு நன்றி சொல்லு' என்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் பாடினால் அது பொய் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த, தேவாரம் பாடிய சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று என்கிறது பெரியபுராணம். தடவித் தடவிக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்ததும் இடக்கண் மட்டும் கிடைத்தது. உடனே ஏகாம்பரநாதரைப் பார்த்து 'காணக் கண் அடியேன் பெற்றவாறே' என்று பூரித்துப் பாடுகிறார். வலக்கண் இன்னும் இருட்டில்தான் இருக்கிறது! பிறகு திருவாரூருக்குப் போய், மிச்சக் கண்ணுக்காகச் சிவனோடு சண்டை பிடிக்கிறார். 'வாழ்ந்து போதீரே' என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நீர் மட்டும் நன்றாக இரும் ஐயா என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அந்தத் தொனி. சைவப் பாடல் தொகுப்பான திருமுறைகளில், ஏழாம் திருமுறையில் இந்த இரண்டு பதிகமும் இருக்கின்றன. நன்றி சொன்ன வாய்தான் திட்டியது.

அதனால் நன்றி சொல்லிப் பாடிவிட்டால் நடந்ததற்கெல்லாம் சம்மதித்துவிட்டோம் என்று ஆகாது.

என் அம்மா தவறியபோது எங்கள் வழக்கப்படி சுண்ணம் இடித்தோம். திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்று 20 பாட்டு உண்டு. 'முத்துநல் தாமம் பூமாலை தூக்கி' என்று ஆரம்பிக்கும். சிவபெருமான் நீராடுவதற்குப் பெண்கள் கூடி வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு அது, முழுக்கக் கொண்டாட்டம். அதைத்தான் சைவக் குடும்பங்களில் சாவு வீட்டில் பாடுகிறோம். உரலுக்கே அலைய வேண்டியிருந்தது. தெருவில் எல்லாம் அடுக்குமாடியாகிவிட்டதால், பின்தெரு பாட்டி ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஐஸ் பெட்டி ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்கிறது. ஓதுவார் பாட, அக்கா மஞ்சளும் அறுகம்புல்லும் போட்ட உரலில் உலக்கையைப் போட்டாள். கை நடுங்கித் தாளம் தப்பிக்கொண்டே போனது. ஓதுவார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டைத் தளர்த்தி, அவள் உலக்கை விழுகிற நேரத்துக்கு 'பொற்சுண்ணம்' என்ற சொல்லை இறக்கினார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு அவள் கை நின்றுவிட்டது. பெரியம்மா உலக்கையை வாங்கிக்கொண்டார், அக்கா உட்கார்ந்து அழுதாள், பாட்டு நிற்கவில்லை. உங்களுக்கு வாய் வராத நேரத்தில் கூட்டத்தில் வேறு யாராவது பாடுவார்கள். கூடிப் பாடுவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் அதுதான்.

ராயபுரத்தில் கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் ராத்திரி முழுக்கக் கீர்த்தனை ஓடும். பைபிளில் ஆபகூக் என்ற தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் தொழுவத்தில் மாடே இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். அந்த அதிகாரம் முடிவதே, இதை வாத்தியத்தோடு வாசிக்க ராகத்தலைவனிடம் ஒப்படைக்கும் குறிப்போடுதான். காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் மரண கானாவில் செத்தவர் பெயரைச் சொல்லியே பாடுவார்கள். அதில் சாமிக்கு நன்றியும் வரும், எமனுக்குத் திட்டும் வரும்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: ஸ்பீக்கரில் பக்திப் பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் போன் பார்ப்பது. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, மனிதக் குரல் வேண்டும். போனவருக்குப் பிடித்த பாட்டாக ஒன்றை எடுங்கள். ரொம்பத் தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். அழுது தொண்டை கட்டியிருக்கும், மேலே ஏறாது.

அதற்கப்புறமும் யாராவது 'நன்றி சொல்லு' என்று நச்சரித்தால் திருவாரூர்ப் பதிகத்தையே எடுத்து விடுங்கள். 'மீளா அடிமை' என்று தொடங்கும். அதுவும் திருமுறைதான், ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.