சேது யாத்திரைப் பெருவழி

கேள்வி: ஒரத்தநாட்டில் இவ்வளவு பெரிய சத்திரம் எதற்காகக் கட்டப்பட்டது? இராமேசுவரம் செல்லும் பெருவழி அவ்வூர் வழியாகச் சென்றது என்கிறார்களே, அது எப்படி மறைந்தது? (பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: காசியாத்திரை சேதுவில் நீராடிய பின்பே நிறைவடையும் என்ற நம்பிக்கையோடு வடக்கிலிருந்து வந்தவர்கள், தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையை அடைந்து, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கே நடந்து, மண்டபத்தில் தோணி ஏறினார்கள். வழியின் தென்பகுதி, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமை. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கன் சேதுபதியை அங்கே அமர்த்தியதே, வழிப்பறிக்கு அஞ்சிய யாத்ரிகர்களுக்குக் காவல் தருவதற்காகத்தான் என்பார்கள்.

வடபகுதியில் இந்த வழியை வாழவைத்தவை தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள். இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் எழுப்பியது அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த பிறகும் அவர் சத்திரங்களை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. 1801இல் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் நடைமுறையை விரிவாகச் சொல்கிறார்: சாதி பாராமல் எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு, சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் மளிகையும் அளக்கப்படும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருத்துவமும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கேயே கிடைத்தன. நாட்டை இழந்த ஓர் அரசர் தம் பெருமைக்குச் சான்றாக இந்த மணியோசையைக் காட்டியதுதான் அக்கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது.

1855இல் மராட்டிய அரசமரபின் ஆட்சியுரிமை முடிவுக்கு வந்தபின் சத்திரங்களுக்கு அரண்மனையின் அரவணைப்பு போயிற்று. ஆயினும் வழியை வெறிச்சோடச் செய்தது ரயில்தான். பலரும் 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தையே காரணமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே, 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தபோதே முடிவு தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. அந்தப் பாதை மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று உள்நாட்டின் வழியே செல்வதால், கடலோர ஊர்களில் யாத்ரிகர் இறங்குவதற்கே வாய்ப்பில்லாமல் போயிற்று. பல நாள் நடை ஒரு பகல் பயணமாகச் சுருங்கியபின் இராத்தங்கலுக்கு யார் வரப்போகிறார்கள்? தடம் அழியவில்லை, நடப்பவர்தாம் இல்லாமல் போனார்கள்.

கேள்வி: அந்த வழியை இன்றும் காண முடியுமா? (மணமேல்குடி வாசகர் ஒருவர்)

பதில்: பெரும்பகுதியைக் காணலாம். உங்கள் ஊர், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் ஆகியவற்றை இணைக்கும் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறத்தாழ அதே தடத்தில்தான் செல்கிறது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பேருந்து ஒரத்தநாட்டைக் கடந்துதான் போகிறது. சத்திரக் கட்டடங்கள் சில பள்ளியாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டன, சில சிதைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு எழுதிவைக்கப்பட்ட நிலங்களைக் கவனிக்கத் தஞ்சாவூரில் வருவாய்த் துறையின் கீழ் ‘சத்திரம் நிர்வாகம்’ என்ற தனிப்பிரிவே இருக்கிறது.