மஞ்சள் லைட் எரிந்தால் முதலில் பர்ஸை மூடுங்கள்

கார் படமும் அதன் பின்னால் வளைந்த இரண்டு கோடும் போட்ட மஞ்சள் லைட்டைப் பற்றியே இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. அதுதான் சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் லைட். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மழையில் மேம்பாலம் ஏறும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் லைட் படபடவென மினுக்கி அணைகிறது. ‘சிஸ்டம் செக்’ செய்ய 4,000 ரூபாய் கேட்கிறார்கள். (ஓசூர்)

பதில்: கொடுக்காதீர்கள். மினுக்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். விடாமல் எரிந்தால்தான் கோளாறு. அடிக்கடி மினுக்கினால் டயர் பள்ளத்தைப் பாருங்கள். 1.6 மி.மீ. தேய்மானக் குறி வரை வந்துவிட்டிருந்தால் அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

கேள்வி: அதே படத்தின் கீழே ‘ஆஃப்’ என்று எரிகிறது. என்ன பார்ட் மாற்ற வேண்டும்? (தஞ்சாவூர்)

பதில்: ஒன்றும் இல்லை. யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். இன்னொரு முறை அழுத்துங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் சேர்ந்து எரிந்தன. சர்வீஸ் சென்டரில் சி0035 என்று கோளாறு கோட் காட்டி, முன் இடது சக்கர வேக சென்சார் மாற்றி 6,800 ரூபாய் வாங்கினார்கள். இரண்டே நாளில் மறுபடி எரிகிறது. இப்போது ஏபிஎஸ் மாட்யூலே (அதன் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 45,000 ஆகும் என்கிறார்கள். (கரூர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது வேலை தெரியாதவரிடம் மாட்டியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பில் ஒன்றுதான்.

கோட் எந்த மூலையில் கோளாறு என்று சொல்லும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. சி0035 என்றால் முன் இடது சக்கரத்தின் வேக சிக்னல் சர்க்யூட். அதில் சென்சார் உண்டு, ஒயரை இணைக்கும் கப்ளர் உண்டு, ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் ஒயர் உண்டு, சக்கர பேரிங்கில் சென்சார் படிக்கும் காந்த வளையம் உண்டு. கோட் நம்பரைப் படித்ததும் சென்சாரைக் கழற்றுவது, காய்ச்சல் என்றதும் ஊசி போடுவது மாதிரி.

வீட்டிலேயே பாருங்கள். சாவி போட்டதும் சில விநாடி எரிந்து அணைய வேண்டிய லைட் அணையாமலே நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும் அல்லது கப்ளரில் தொடர்பு விட்டிருக்கும். அணைந்து, 15–20 கி.மீ. வேகம் பிடித்ததும் எரிந்தால் சிக்னல் கெட்டு வருகிறது: வளையம், துரு, அல்லது சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே கூடிப்போன இடைவெளி.

பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சென்சார் ஒயரை முனையிலிருந்து கப்ளர் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஷாக் அப்சார்பரில் கிளிப் போட்ட இடத்தில்தான் உள்ளே அறுந்து வெளியே முழுசாகத் தெரியும். எலி கடித்த ஒயரும் இங்கேயே மாட்டும். சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடையுங்கள். அது உட்காரும் துளையில் துரு ஏறினால் சென்சாரை மேலே தள்ளி இடைவெளியைக் கூட்டிவிடும். நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் உடையும்.

பிறகு மல்டிமீட்டர். கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, வண்டிப் பக்கத்து முனைகளில் வோல்ட் பாருங்கள். பல வண்டிகளில் பேட்டரி அளவுக்கு ஒட்டி வரும். வந்தால் ஒயர் பெரும்பாலும் சரி. பூஜ்யம் என்றால் முதலில் ஒயரைத் தேடுங்கள், மாட்யூல் கடைசி. புது மாதிரி சென்சாரில் ஓம் (மின்தடை) வைத்துப் பார்ப்பது வீண். பழைய காயில் வகைக்குத்தான் அது, சுமார் 1,000 முதல் 2,000 ஓம் காட்டும்.

செலவில்லாத சோதனை இன்னொன்று: இடது, வலது சென்சார்களின் பார்ட் நம்பர் ஒன்றே என்றால் இடம் மாற்றி மாட்டி, கோட் நம்பரை அழித்து ஓட்டுங்கள். கோட் சி0040க்கு, அதாவது வலது பக்கத்துக்குத் தாவினால் சென்சார்தான். தாவாவிட்டால் சென்சார் நிரபராதி.

சமீபத்தில் அந்தப் பக்கம் ஹப் பேரிங் (சக்கர பேரிங்) மாற்றினீர்களா? காந்த வளையம் பேரிங் சீலிலேயே இருக்கும், பல் எதுவும் தெரியாது. பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றுபவர் அதை உள்ளே வெளியே திருப்பி மாட்டிவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. எத்தனை சென்சார் மாற்றினாலும் லைட் எரியும்.

ஜாப் கார்டு, பில், கழற்றிய பழைய சென்சார் மூன்றையும் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் 600 ரூபாய்க்கு, கோட் படிக்கும் புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். லைட் எரிகிறது, ஆனால் ‘கோட் இல்லை’ என்கிறது. போலியா? (திருநெல்வேலி)

பதில்: போலி இல்லை, தவறான சாமான். அது எஞ்சின் கோட் நம்பரை மட்டும் படிக்கும். ஏபிஎஸ் மாட்யூலின் வாசலையே மிதிக்காது. அதே ரகம் என் மேசை இழுப்பறையிலும் ஒன்று தூங்குகிறது. உங்கள் கம்பெனி வண்டிக்கு ஏபிஎஸ் படிக்கும் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்தால் மட்டும் உங்கள் 600 ரூபாய் உதவும். எஞ்சினில் மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) த்ராட்டில் (காற்று வால்வு) கோளாறோ இருந்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானாக ஒதுங்கிக்கொள்ளும்; முதலில் எஞ்சினைச் சரிபாருங்கள்.

கேள்வி: 175/65 ஆர்14 கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு டயர் 175/70 போட்டேன். விலையும் குறைவு. அன்றிலிருந்து லைட். டயர் கடையில் பணம் திரும்பக் கேட்கலாமா? (சேலம்)

பதில்: எந்த முகத்தோடு? பழைய டயரின் உயரம் 583 மி.மீ., புதியது 601. 3 சதவீத வித்தியாசம். நேர்ச் சாலையிலும் அந்தச் சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றும், கம்ப்யூட்டர் குழம்பும். அளவு டயர் பக்கச்சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சரியான டயர் வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றியதிலிருந்து லைட் அணையவில்லை. (மதுரை)

பதில்: ஸ்டீயரிங் கோண சென்சார் நடுநிலையை மறந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது இடது கோடி, வலது கோடி திருப்பி நேராக்கி, காலியான நேர்ச் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். பல வண்டிகளில் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்து நடுநிலையை மறுபடி பதிய வைக்கும் கேலிப்ரேஷன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிரேக் லைட்டும் எரியவில்லை, டிராக்‌ஷன் லைட் எரிகிறது. (நாகர்கோவில்)

பதில்: பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச், அல்லது அதன் ஃபியூஸ். இரவில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். சாவி போட்டால் ஏபிஎஸ், டிராக்‌ஷன் லைட்டுகள் வருவதே இல்லை. டேஷ்போர்டைத் திறந்தால் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. (விழுப்புரம்)

பதில்: இது தெரியாமல் நடந்த தவறு இல்லை. சாவி ஆன் செய்ததும் இந்த லைட்டுகள் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். வராத லைட் மறைக்கப்பட்ட லைட். விற்றவர் டீலர் என்றால் நுகர்வோர் ஆணையம் உண்டு. தனியாள் என்றால் சிவில் வழக்குதான், வக்கீலைப் பாருங்கள். எதுவானாலும் டேப் ஒட்டியபடியே போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். டேப்பை இன்னும் பிய்க்கவில்லையே?