படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும்

வாசகர் கேள்வி பதில்

ஊர் வரலாற்றை எழுதுவது பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆறு மாதங்களாக எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் எழுதி வருகிறேன். கட்டுரைக்குப் பொருத்தமான படங்களைத் தேடி எடுத்து, அடியில் ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிடுவேன். அது களவு என்கிறாள் என் தோழி. நன்றி சொல்லி எடுப்பதும் களவாகுமா ஐயா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சந்தையில் ஒருவர் பரப்பி வைத்திருக்கும் பூசணிக்காயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ‘நன்றி: புதுக்குடியிருப்புச் சந்தை’ என்று சொல்லிவிட்டு நடந்தால் அந்த வியாபாரி சும்மா இருப்பாரா? கூகுள் படங்களைத் தேடிக் காட்டும் இடமே தவிர, அவற்றுக்கு உரிமையாளர் அல்ல. உங்கள் தோழி சொன்ன சொல் கடுமையானது. ஆனால் பிழையானது அல்ல.

நம் இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒளிப்படமும் அதன் பாதுகாப்புக்கு உட்பட்டது. படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவும் வேண்டியதில்லை, வட்டத்துக்குள் எழுத்துப் போட்ட அடையாளமும் வேண்டியதில்லை. எடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். அதைவிட, ‘இது நான் எடுத்த படம்’ என்று தன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையையும் சட்டம் அவருக்குத் தனியாகக் கொடுத்திருக்கிறது. பெயரைப் போடுவது ஒரு கடமை, அனுமதி பெறுவது இன்னொரு கடமை. முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது தீர்ந்துவிடாது என்பதைத்தான் புதிதாக எழுத வருகிற பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற தேவைகளுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் விடுவது உண்மை. ஒருவரின் ஒளிப்படத்தைப் பற்றியே நீங்கள் விமர்சனம் எழுதினால் அந்த இடைவெளி உங்களுக்குத் திறக்கும். கட்டுரை வெறுமையாகக் கிடக்கிறதே என்று அழகுக்காக ஒரு படத்தைச் செருகுவது அதற்குள் வராது.

அப்படியானால் எங்கே போவது? ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ என்ற உரிம முறை 2002ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. எடுத்தவரே, இன்ன நிபந்தனையோடு என் படத்தை எவரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி எழுதி வைத்துவிடுகிறார். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது எளிய நிபந்தனை. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியமைத்துப் பகிரக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தின் கீழேயே வெளியிட வேண்டும் என்பவை மற்றவை. உங்கள் பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் எண்ணம் இருந்தால், ‘வணிகம் அல்லாத’ என்று குறித்த படங்களைத் தொடாமல் விடுவது நல்லது. 2004 முதல் இயங்கும் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இந்த விபரம் உண்டு. எடுத்தவரின் பெயர், உரிமத்தின் பெயர், படம் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ‘இணையம்’ என்று எழுதுவது ஒன்றும் எழுதாமைக்குச் சமம்.

இன்னொன்று. ஒரு படத்தை எடுக்குமுன் அதையே தேடுபொறியில் கொடுத்து, முதலில் எங்கே, எப்போது வெளிவந்தது என்று பாருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தின் படத்தை இந்த வருட மாரிக்குப் போட்டுவிட்டால், உரிமைப் பிரச்சினையை விடப் பெரிய பிரச்சினை ஒன்றுக்குள் விழுந்துவிடுவீர்கள்.

கேள்வி: நான் எடுக்கும் படங்கள் என் சொந்தக் கமெராவில் எடுப்பவை. அவற்றை எங்கே போடுவது என்பது என் விருப்பம்தானே? வயலில் நிற்பவர், கோயிலுக்கு வந்தவர், போராட்டத்தில் இருக்கும் தாய்மார் எல்லோரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?
- வாசகர், முல்லைத்தீவு

பதில்: எனக்கு ஒருமுறை விழுந்த அடியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வறட்சியைப் பற்றி ஒரு சஞ்சிகைக்கு எழுதியபோது, வெறும் பேசினை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து ஓரத்தில் குந்தியிருந்த ஒரு மூதாட்டியின் படத்தைச் சேர்த்து, அதன் கீழே ‘உதவிக்காகக் காத்திருக்கும் தாய்’ என்று நானே எழுதினேன். சஞ்சிகை வெளியான மூன்றாம் நாள் அவருடைய மகன் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “ஐயா, எங்கட அம்மா ஆரிட்டக் கை நீட்டினவ? அது எங்கட காணி. கச்சான் பிடுங்கிப்போட்டு, நான் சாப்பாடு கொண்டு வருமட்டும் இருந்தவ” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த இதழில் திருத்தம் வந்தது. ஆனால் படம் போன வீடுகளுக்கெல்லாம் திருத்தம் போவதில்லை. படம் என்னுடையதுதான், கமெராவும் என்னுடையதுதான். அந்த ஒரு வரிக்கு மட்டும் எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

சட்டம் பெரும்பாலும் எடுத்தவரின் பக்கத்தில்தான் நிற்கும். 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்ற ஊரில் தங்கியிருந்த வேளாண் கூலிகளிடையே, பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க வெறித்துப் பார்க்கும் ஒரு தாயை டொரத்தியா லாங் படம் எடுத்தார். அரச வேலைக்காக எடுத்ததால் அப்படம் பொதுவுடைமை ஆயிற்று. எவரும் எங்கும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் பரவலாகத் தெரியவந்தது. படம் எடுத்தவர் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும், அதை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்றும் அவர் சொன்னார். அங்கே எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

நம் வன்னியில் இதன் பாரம் இன்னும் கூட. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களையெல்லாம் தொலைத்த வீடுகளில், அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து, கசங்கிய சட்டைக்கு மேல் கோட்டுப் போடுவித்து, மகளின் கலியாணப் படத்தில் தகப்பனாக நிறுத்திவைத்திருக்கும் சுவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். தேத்தண்ணி குடிக்கப் போன வீட்டில் அந்தச் சுவரைக் கைத்தொலைபேசியில் எடுத்து, ‘போரின் வடு’ என்று எழுதிப் போடுவதற்குமுன் அந்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும்.

போராட்டத்தில் இருக்கும் தாய்மாரின் விடயம் வேறு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், பிள்ளைகளின் படங்களை அவர்கள் தூக்கிப் பிடிப்பதே உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களுடைய கேள்வியைப் பற்றி எழுதும்போது அந்தப் படத்தைப் போடுவது அவர்கள் நோக்கத்துக்கு இசைவானது. அதே முகத்தை வெட்டி எடுத்து அன்னையர் தினக் கவிதைக்கு மேலே ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கூட்டத்தில் தூரத்தில் தெரியும் முகங்கள் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க முடியாதுதான். ஒருவரை அடையாளம் காணும்படி நெருங்கி எடுத்தால் கேளுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள், பாடசாலைச் சின்னம் தெரியாமல் எடுங்கள். கைத்தொலைபேசி, இடக்குறிப்பைப் படத்தோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கக்கூடும். பகிருமுன் அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: இரணைமடுக் குளத்தில் நான் எடுத்த படத்தை ஒருவர் என் பெயரை வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள், பலர் தெரியாமல் செய்து, சொன்னால் திருத்துகிறவர்கள். கேளாவிட்டால் அந்தத் தளத்தின் முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. வெட்டாத அசல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுவே உங்கள் சாட்சி. இந்தக் கோபத்தில் இனிவரும் படங்களின் நட்டநடுவில் பெயரைப் பெரிதாக எழுதிவிடாதீர்கள். குளத்தைப் பார்க்க வந்தவர் உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

கேள்வி: என்னிடம் நல்ல கமெரா இல்லை, போனில் எடுப்பவை மங்கலாக விழுகின்றன. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களுக்கு உரிமையாளர் இல்லை என்கிறார்களே, அவற்றையே போட்டால் என்ன? நான் போனில் எடுத்த ஒன்றையும் அதில் வரைவித்த ஒன்றையும் அனுப்பியுள்ளேன்.
- வாசகி, மாங்குளம்

பதில்: உரிமையாளர் இல்லை என்பது முழுக்கத் தீர்ந்த வழக்கு அல்ல. 2011இல் இந்தோனேசியாவில் ஒரு குரங்கு கமெராவை இயக்கித் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்துக்கே வழக்கு நடந்து, குரங்கு பதிப்புரிமை வழக்குத் தொடர முடியாது என்று 2018இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. (நம் ஊர்க் குரங்குகள் தென்னையில் இளநீர் பிடுங்குவதோடு நின்றுகொள்வது எவ்வளவோ நல்லது.) எனது ஆட்சேபம் உரிமையைப் பற்றியது அல்ல. ‘வன்னி அறுவடை’ என்று கேட்டதற்கு அந்த இயந்திரம் உங்களுக்குத் தந்திருக்கும் படத்தைப் பாருங்கள்: பின்னால் நீல மலை, பெண்களின் தலையில் பித்தளைக் குடம், ஏர் பூட்டிய வெள்ளை மாடு. மாங்குளத்தில் எங்கே பிள்ளை மலை? லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எங்கே?

வரலாற்றுப் படங்களிலும் இதே கவனம் தேவை. கற்சிலைமடுவில் நிறுவப்பட்ட நினைவுக்கல், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஒக்ரோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அவர் முகமாக நாம் காணும் படங்களோ பிற்கால ஓவியர்களின் கற்பனை. அதில் பிழையில்லை, ‘கற்பனை ஓவியம்’ என்ற இரு சொற்களையும் ஓவியரின் பெயரையும் அடியில் எழுதினால் போதும். இயந்திரம் வரைந்ததானால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

தனித்துவம் கமெராவின் விலையில் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரை வாகனத்தில் இறங்குபவர் எல்லோரும் எடுக்கிறார்கள், நல்ல கமெராவோடும் எடுக்கிறார்கள். உங்கள் ஊர்க் குளக்கட்டில் ஒரே மரத்தடியில் நின்று, மாதம் ஒரு படமாக, ஆவணியில் அடியிறங்கிக் கிடக்கும் தண்ணீர் மார்கழியில் வான் பாயும்வரை எடுத்து வைப்பது, கொழும்பிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவரால் ஆகாத காரியம்.

நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய அந்த மங்கலான படம் என் மேசையில்தான் இருக்கிறது. வீதியோரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருக்கிறார்கள். மூன்று மூலையில் கல், நான்காவது மூலையில் கல் கிடைக்காமல் ஒரு ஜோடி செருப்பைக் காற்றுக்குப் பாரமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் செருப்பை எந்த இயந்திரமும் வைத்திருக்காது. அடுத்த இதழில் உங்கள் பெயரோடு அதைப் போட விரும்புகிறோம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், அசலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். படத்தின் ஓரத்தில் வெறுங்காலோடு நிற்கும் ஐயாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.